எழுபது கிலோவுக்குச் சப்போர்ட் நின்றவன்

பிப்ரவரி 4

ஊசிப் படையின் தளபதியும் என் ஒரே மகளுமாகிய பட்டாணிக்கு,

நாற்பத்தேழாம் எண் பேருந்தின் பின்வாசலை இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆண்டுவரும் உன் சித்தப்பா எழுதும் மடல்.

இடது கையை டிக்கெட் பையின் மேலும் வலது கையை விசிலின் மேலும் வைத்து உறுதி சொல்கிறேன்: இப்போது நான் எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. தப்பித்தவறி யாராவது நம்பினால் உன் லேபுக்கு அனுப்பிவைக்கிறேன், ரத்தம் எடுத்துப் பார்.

கதை, உன் அப்பா ஜிம்மில் சேர்ந்தது. அண்ணனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. இத்தனை வருஷம் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்ததில் தோள் இரண்டும் முன்பக்கமாக வந்து ஒன்றுக்கொன்று நலம் விசாரிக்கத் தொடங்கியிருந்தன. சர்க்கரையோ, அவன் காபியில் விரலை விட்டால் தித்திக்கும் அளவுக்கு ஏறியிருந்தது. டாக்டர் சொன்னார்: "நடந்தா மட்டும் போதாதுங்க. இந்த வயசுல எலும்பும் சதையும் கரைஞ்சுகிட்டே போகும். எடை தூக்குங்க." அண்ணன் என்னைப் பார்த்தான். நான் டாக்டரைப் பார்த்தேன். "நான் எதுக்குங்க, சப்போர்ட்டுக்கு நிக்கிறேன்" என்றேன். அன்றிலிருந்து அதுதான் என் உத்தியோகம்.

ஜிம், டயர் கடைக்கு மேல் மாடியில். முதல் நாள் மாஸ்டர் அவனைப் பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைத்து, எடை மாட்டாத இரும்புத் தண்டை, அதாவது வெறும் பாரை, கையில் கொடுத்தார். வெறும் பாரே இருபது கிலோ. அண்ணன் ஒரு தள்ளுத் தள்ளினான் பார்! பார் அசையவில்லை, கட்டடம் இறங்கியது. ஒரு சாண். கீழே டயர் கடைக்காரர் குனிந்தபடியே படியேறி வந்து, "யாருய்யா அது, என் கடையை மிதிக்கிறது?" என்று சண்டைக்கு நின்றார். மறுநாள் அண்ணன் கொஞ்சம் அடக்கி வாசித்தான். ஆறே மாதத்தில் சர்க்கரை இறங்கியது, மார்பு அகன்றது, கதவைத் தோளால் தள்ளித் திறந்தான். அவன் சட்டைகள் எல்லாம் என் பீரோவுக்கு இடம் மாறின. எனக்கு அவை கூடாரம்.

நீயும் தூக்குகிறாய் என்று அண்ணி சொன்னார். நல்லது. ஆனால் இந்த அரசாணையைச் சுவரில் ஒட்டிவை: தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்துப் பெஞ்சில் அழுத்து. பாதம் தரையை விடக் கூடாது. முழங்கை இரண்டும் சிறகு மாதிரி விரியக் கூடாது. தள்ளுகிற அளவுக்கு இழுக்கிற பயிற்சியும் செய். கட்டைவிரல் பாரைச் சுற்றி வர வேண்டும். கட்டைவிரல், பட்டாணி. இதை மூன்றாம் தடவையும் எழுதிவிடுகிறேன், கட்டைவிரல்.

தனியாக மட்டும் படுக்காதே.

நடமாடும் சொர்க்கத்தின் நடத்துநர்,
சித்தப்பா


பிப்ரவரி 19

சித்தப்பாவுக்கு,

கடிதம் வந்தது. போனில் கேட்டிருக்கலாம். போனில் நீங்கள் கதை சொல்வீர்கள், நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிப்பேன். அதனால் எழுதுகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். லேப் அடித்தளத்தில், ஜன்னல் கிடையாது. ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு ஊசி குத்துகிறேன். ஒவ்வொருவரும் "ஸ்" என்கிறார்கள். சில சமயம் அவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. பதினான்கு மாதமாக எனக்கு அப்படி எதற்கும் வாயில் சத்தம் வரவில்லை. அப்பாவுக்காகவும் வரவில்லை. நான் அழவே இல்லை என்று அம்மா எல்லாரிடமும் சொல்கிறாராம். உண்மைதான்.

வேலை முடிந்து வாரம் மூன்று நாள் ஜிம். நீங்கள் எழுதிய அரசாணை எல்லாம் இங்கேயும் ஒரு தாளில் அச்சடித்து ஒட்டியிருக்கிறது. முதலில் வெறும் பார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறேன். பாரை மார்பின் நடுவுக்கு நேராக, அவசரமில்லாமல் இறக்குகிறேன். இறங்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கிறேன், ஏற்றி முடிக்கும்போது விடுகிறேன். இப்போது ஐம்பத்தைந்து கிலோ. ரத்த மாதிரிப் பெட்டிகளை இப்போது தனியாகவே அலமாரியில் ஏற்றுகிறேன். தூக்கமும் வருகிறது. பார் மார்பைத் தொடும்போது மட்டும் ஏதோ கொஞ்சம் தெரிகிறது, ஒரு நொடி.

அந்தத் தாளில் இருப்பதில் ஒன்றை மட்டும் நான் செய்வதில்லை. சப்போர்ட்டுக்கு ஆள் கூப்பிடுவதில்லை. அப்பாவுக்கு ஆள் இருந்தாரே.

ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு என்ன நடந்தது? அம்மாவிடம் கரண்ட் போனது என்று சொன்னீர்கள். அத்தையிடம் நிலநடுக்கம் என்றீர்கள். காரியத்துக்கு வந்தவர்களிடம் கூரையிலிருந்து பூனை விழுந்தது என்றீர்களாம். போலீஸ் எழுதியதில் "கை நழுவியது" என்று ஒரே வரி. எழுபது கிலோ அவருக்குப் புதிதில்லை. அதற்கு முந்தின வாரம் எட்டுத் தடவை தூக்கினேன் என்று என்னிடமே சொன்னார்.

நானும் எழுபதை நோக்கித்தான் போகிறேன். அது வருவதற்குள் எழுதுங்கள்.

பட்டாணி


மார்ச் 8

வெற்றித் திருமகளுக்கு,

உன் கடிதத்தைப் பேருந்தில் வைத்துப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் நான்கு நிறுத்தம் தாண்டிவிட்டது. இறங்க வேண்டியவர்கள் இறங்கவில்லை, ஏற வேண்டியவர்கள் ஏறவில்லை, உள்ளே இருந்த ஒரு பாட்டிக்குப் பேரன் பிறந்து காதுகுத்தும் முடிந்துவிட்டது. அவ்வளவு நீளக் கடிதம்.

அன்றைக்கு நடந்ததைக் கேட்கிறாய். சொல்கிறேன். பூனை விழுந்தது உண்மை. ஆனால் அது சாதாரணப் பூனை இல்லை, மாஸ்டரின் புரதப் பொடியைத் திருடித் தின்று வளர்ந்த பூனை. கன்றுக்குட்டி அளவு. அதன் மீசை ஒவ்வொன்றும் குடைக்கம்பி. அது பாரின் வலது ஓரத்தில் தொப்பென்று குதித்ததும்

இதற்கு மேல் இன்றைக்கு ஓடவில்லை. மன்னித்துக்கொள்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. முன்சீட்டில் ஒரு புது டிரைவர். தங்கமான மனிதர். நான் விசில் அடிப்பதற்கு முன்பே வண்டியை எடுத்துவிடுவார், அவ்வளவு சுறுசுறுப்பு. சாப்பிடுகிறேன். உப்புப் போதுமா என்று சித்தி கேட்டால், "நீ சொல்லு" என்கிறேன். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். பயணிகள் சிரிக்கும்படியாகத் தினமும் நாலு கதை சொல்கிறேன். வாய் பாட்டுக்குச் சொல்கிறது. பஞ்சர் ஆன சக்கரமும் கொஞ்ச தூரம் உருளத்தானே செய்கிறது.

ஆள் வேண்டாம் என்றால், பெஞ்சின் இரண்டு பக்கமும் நிற்கிற சேஃப்டி கம்பியையாவது போடு. மார்புக்கு ஒரு விரல்கடை கீழே இருக்கும்படி. பார் விழுந்தால் கம்பி தாங்கும். எங்கள் டயர்கடை மாடியில் அது இல்லை. கம்பி இல்லாத பெஞ்சில் தனியாகப் படுக்கிற நாளில் எடைப் பிளேட்டு நழுவாமல் பிடிக்கிற லாக்கைப் போடாதே. சிக்கிக்கொண்டால் ஒரு பக்கம் சரித்துக் கொட்டிவிட்டுத் தப்பலாம். இதையெல்லாம் மாஸ்டரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவர் என்னிடம் பேசினார். பாரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

பூனைப்படையின் ஒரே சாட்சி,
சித்தப்பா


மே 2

சித்தப்பாவுக்கு,

பூனைக் கதை வந்தது.

நேற்று அறுபத்தைந்து. மூன்றாவது தடவை பார் மார்பில் உட்கார்ந்துகொண்டு எழும்பவில்லை. கம்பி போடவில்லை. நல்லவேளை, லாக்கும் போடவில்லை. இடது பக்கம் சரித்தேன். அந்தப் பக்கப் பிளேட்டுகள் கொட்டின, பிறகு வலது பக்கம் தானாகத் தூக்கியடித்துக் கொட்டியது. ஜிம்மே திரும்பிப் பார்த்தது. நான் படுத்தே இருந்தேன். பயம் வரும் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன், வரவில்லை. எழுந்து பிளேட்டுகளை அடுக்கிவைத்தேன். விலா எலும்பில் ஒரு கோடு நீலமாக இருக்கிறது. அழுத்தினால் வலிக்கிறது என்று நினைக்கிறேன்.

டிசம்பரில் வருஷத் திதிக்கு வந்து நீங்கள் வாசல் கேட்டோடு திரும்பிப் போய்விட்டீர்கள் என்று அம்மா எழுதியிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லையாம்.

அடுத்த மாதம் எழுபது. ஒரு பக்கம் எழுதினால் போதும். கதை என்றால் வேண்டாம், இனி நான் பிரிக்க மாட்டேன்.

பட்டாணி


மே 14

பட்டாணி,

பூனை இல்லை. நிலம் நடுங்கவில்லை. கரண்ட் இருந்தது.

காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்குப் போனோம். வெறும் பாரில் இரண்டு செட், நாற்பதில் ஒன்று, அறுபதில் ஒன்று, எல்லாம் ஒழுங்காகச் செய்தான். பிறகு எழுபது. எட்டுத் தடவை தூக்க வேண்டும். நான் தலைமாட்டில் நின்றேன். சப்போர்ட் நிற்பவனுக்கு வேலை ஒன்றுதான்: இரண்டு கையையும் பாருக்குக் கீழே, தொடாமல், ஆனால் தொட்டுவிடும் தூரத்தில் வைத்துக்கொண்டு பாரையே பார்க்க வேண்டும். ஆறாவது தடவை வரைக்கும் அப்படித்தான் நின்றேன்.

உன் அப்பா கட்டைவிரலைச் சுற்ற மாட்டான். பழைய வண்டிகளில் பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் ஸ்டியரிங் சுழன்று அடிக்கும், கட்டைவிரல் உள்ளே இருந்தால் முறிந்துவிடும். அதனால் அந்தக் காலத்து டிரைவர்கள் எல்லாருமே கட்டைவிரலை வெளியே வைத்துத்தான் பிடிப்பார்கள். முப்பது வருஷப் பழக்கம். மாஸ்டர் தினமும் கத்துவார்: "அண்ணே, அது ஸ்டியரிங் இல்ல, கட்டைவிரலச் சுத்துங்க!" இவன் சுற்றுவான். ஐந்தாவது தடவைக்குள் விரல் தானாக வெளியே வந்துவிடும். அன்றைக்கும் வந்தது. நான் பார்த்தேன். சொல்லவில்லை. தினமும் பார்க்கிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

ஏழாவதில் பாதி ஏற்றிவிட்டான். முகம் சிவந்து, கன்னம் உப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். பார்க்க வேடிக்கையாக இருந்தது. நான் கையை எடுத்தேன். இரண்டு கையையும் எடுத்துக் காற்றில் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் ஆட்டி, ஒரு வரி சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்தால் மூச்சுப் போய்விடும். மூச்சுப் போனால் மார்பு தளர்ந்துவிடும். பார் உள்ளங்கையில் உருண்டது. தடுக்கக் கட்டைவிரல் இல்லை. கழுத்தில் விழுந்தது. நான் கையை இறக்கிப் பிடிப்பதற்குள் விழுந்துவிட்டது. நானும் மாஸ்டரும் தூக்கினோம். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள், அது உனக்குத் தெரியும்.

ஓடுகிற வண்டியில் ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று எங்கள் பேருந்தில் எழுதியிருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் நான் பேசியதில்லை. எவ்வளவு நல்ல ஜோக்காக இருந்தாலும் கடைசி நிறுத்தம் வரும்வரை வாயிலேயே வைத்திருப்பேன். அன்றைக்குப் பெஞ்சுதானே, வண்டி நிற்கிறதுதானே என்று நினைத்துவிட்டேன்.

கேட்டவர்கள் எல்லாரிடமும் இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறக்கும்போதெல்லாம் பூனைதான் வந்தது.

எழுபதைத் தனியாகத் தூக்காதே. என்மேல் இருக்கும் கோபத்தைப் பார்மேல் காட்டாதே. அண்ணியிடம் நானே போய்ச் சொல்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

சித்தப்பா


ஜூன் 3

சித்தப்பாவுக்கு,

கடிதத்தை ரத்தக் குப்பிகளைச் சுழற்றும் மெஷின் பக்கத்தில் நின்று படித்தேன். அது நிற்கும்வரை நின்றேன். பிறகு மீதிப் பேருக்கு ஊசி குத்தினேன்.

நீங்கள் வந்து சொன்னதாக அம்மா போன் செய்தார். சொல்லிவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தீர்களாம். "காபி குடிச்சாரு. ரெண்டு டம்ளர்" என்றார்.

உங்கள்மேல் கோபம் வருகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது நான் விடும் கதையாக இருக்கும். அதனால் எழுதவில்லை.

சனிக்கிழமை எழுபது போட்டேன். கம்பியும் போட்டேன். அப்புறம் பக்கத்துப் பெஞ்சுக்காரரிடம் சப்போர்ட் கேட்டேன். கண்ணாடி போட்ட மனிதர், ஒரு வருஷமாகப் பார்க்கிறேன், யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். "பேசாம நின்னா போதும்" என்றேன். தலையை ஆட்டினார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இரண்டு தடவை தூக்கினேன். மூன்றாவதில் பாதியில் நின்றது. அவர் இரண்டு விரலால் தொட்டார், அவ்வளவுதான், ஏறிவிட்டது. கட்டைவிரல் சுற்றித்தான் இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது ஒன்று தோன்றியது. அப்பா சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. போட்டோவில்கூட உம்மென்றுதான் இருப்பார். என்ன வரி சொன்னீர்கள்? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

பட்டாணி


ஜூன் 16

எழுபது கிலோ மகாராணிக்கு,

கேட்டுவிட்டாய். அந்த வரி இதுதான்: "என்னண்ணே, இன்ஜின் சூடாயிருச்சா?"

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று உனக்குத் தோன்றும். கதை தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்தான் இருந்தோம். இப்போது உனக்குச் சொல்கிறேன், சபையோர் அமைதி காக்க.

ஆறு வருஷம் முன்பு, நீ முதல் முதலாக விமானம் ஏறிப் போன காலை. உன் அப்பா லீவு போடவில்லை என்று உனக்கு வருத்தம். "போயிட்டு வா, சாப்பிடு" என்று வாசலில் நின்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் அல்லவா? அவன் நேராக வந்து நாற்பத்தேழாம் எண்ணில் ஏறினான். நம் வண்டி விமான நிலையத்துக் கம்பிவேலியை ஒட்டித்தான் போகும். அங்கே நிறுத்தம் எதுவும் கிடையாது.

பத்து நாற்பது. வேலி பக்கத்தில் வண்டி நின்றது. உள்ளே நானூற்று முப்பது பயணிகள். "என்னப்பா, ஏன் நிக்குது?" என்று நானூற்று முப்பது குரல். உன் அப்பா இறங்கினான். "இன்ஜின் சூடாயிருச்சு" என்றான். முன்மூடியைத் திறந்தான். இன்ஜினைப் பார்க்கிறவன் குனிவான், இல்லையா? இவன் அண்ணாந்து பார்த்தான். "டிரைவர், இன்ஜின் கீழ இருக்கு!" என்று ஒரு ஆள் கத்தினார். இவன் காதிலேயே வாங்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் உன் விமானம் ஓட ஆரம்பித்தது. இவன் ஒரு கையை உயர்த்தினான் பார், விமானி அதைச் சிக்னல் என்று நினைத்து பிரேக்கை மிதித்துவிட்டார். விமானத்துக்குள் இருந்த அத்தனை பேரும் முன்சீட்டில் மோதி எழுந்தார்கள். உன் நெற்றியில் அன்றைக்கு ஒரு வீக்கம் இருந்திருக்குமே, நினைவில்லையா? விமானி ஜன்னலைத் திறந்து, "என்னய்யா வேணும்?" என்றார். "என் பொண்ணு உள்ள இருக்கா, மெதுவா ஓட்டு" என்றான் இவன். "சரிண்ணே" என்று அவர் சல்யூட் அடித்தார். விமானம் எழும்பியதும் நம் பேருந்தும் பின்னாலேயே மூன்றடி எழும்பியது. நான்தான் விசில் அடித்து இறக்கினேன். கல்யாண மாப்பிள்ளை ஒருவர் உள்ளே இருந்தார், முகூர்த்தம் தப்பிவிட்டது. அந்தப் பெண்ணும் அதே பேருந்தில்தான் இருந்தாளாம், அதனால் வண்டியிலேயே முடித்துவைத்தோம்.

அன்றிலிருந்து அவன் முகம் எப்போது சிவந்தாலும் நான் கேட்பேன், "இன்ஜின் சூடாயிருச்சா?" அவன் "போடா" என்று சிரித்துவிடுவான். ஒரு தடவைகூடச் சிரிக்காமல் இருந்ததில்லை. அது தெரிந்துதான் நான் சொன்னேன்.

இந்த விமானக் கதையில் இருப்பது அத்தனையும் புளுகு, மகளே. நானூற்று முப்பது பேர் இல்லை, பதினொரு பேர். யாரும் எதுவும் கத்தவில்லை. விமானம் நிற்கவில்லை, விமானி யாரையும் பார்க்கவில்லை, கல்யாணமும் நடக்கவில்லை.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். வண்டி நின்றது. இரண்டு நிமிஷம், உன் விமானம் கண்ணுக்கு மறையும் வரை. நான் போய் டிரைவர் சீட்டுக்கு எதிரே இருக்கிற மீட்டரைப் பார்த்தேன். சூட்டைக் காட்டும் முள் பாதிக்குக்கூட வரவில்லை.

சித்தப்பா